ஆடுமாடுகளுக்கு வரும் ஈரற்புழு நோய்

பின்னலாடைத் தொழிலால் பெயர் பெற்ற திருப்பூருக்குக் கிழக்கே, காங்கயம் வட்டாரத்துக் குடியானவர்களின் செல்வம் இன்றும் ஆடும் மாடுமே. கிளுவை வேலியிட்ட கொறங்காட்டில் கொழுக்கட்டைப்புல் மேயும் கால்நடைகளுக்கு ஈரற்புழு தொற்றுவது அரிது. அப்புழுவைச் சுமக்கும் நீர்நத்தை வறண்ட நிலத்தில் வாழாது. காட்டுப்புல் கருகியபின் மந்தையைக் குளத்தோரத்துக்கும் வாய்க்காற் கசிவு நிலத்துக்கும் ஓட்டும்போதே அபாயம் தொடங்குகின்றது.

நத்தையினின்று வெளிப்படும் இளம்புழு நீரோரப் புல்லில் ஒட்டிக் கூடு கட்டியிருக்கும். அப்புல்லைத் தின்ற ஆட்டின் குடலைத் துளைத்து ஈரலுக்குள் நுழைந்து, பல வாரங்கள் ஈரற்சதையைத் தின்றுகொண்டே வழி செய்யும். புழுக்கள் மிகுதியாயின், உள்ளே இரத்தம் பெருகி, வெளிக்குறி யாதுமின்றி ஆடு திடீரென மடியும். விஷப்பூண்டைத் தின்றதென்று கூறிப் புதைத்துவிடுவது எளிது. ஈரலை அறுத்துப் பார்த்தாலன்றி உண்மை விளங்காது.

பிழைத்த பிராணியில் புழு பித்தநீர்க் குழாய்களை அடைந்து, இலை வடிவாய் ஓரங்குலத்துக்கு மேலும் வளர்ந்து, இரத்தத்தை உறிஞ்சும். உடல் வெளிறி மெலியும். தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கும். குழாய்ச் சுவர்கள் தடிக்கும். மாட்டு ஈரலில் அவற்றின்மீது சுண்ணாம்பு படிந்து, கத்தி வைத்தால் மணல்போல நறநறக்கும். அவ்வளவு கெட்ட ஈரல், புழுவைக் கொன்றாலும் முற்றும் பழைய நிலைக்கு மீளாது.

ஆதலால் தாடை வீங்கும்வரை காத்திருத்தல் தவறு. முதிர்ந்த புழுவே முட்டையிடுமாதலால், தொற்றிய முதல் இரண்டு மூன்று மாதங்களில் சாணச் சோதனையில் ஒன்றும் தென்படாது. முதிர்ந்த புழுவை மட்டும் கொல்லும் மருந்துகளும் உண்டு. இளம்புழுவையும் கொல்வனவும் உண்டு. மந்தை எந்நிலத்தில், எப்போது மேய்ந்ததென்று கால்நடை மருத்துவரிடம் கூறினால், தக்கதை அவர் தேர்ந்து கொடுப்பார்.