உங்களுக்குத் தெரியுமா?

மலைக்குச் சைக்கிள் மிதிப்பவரைக் குளிர் வாட்டுவது ஏறும்போது அல்ல, இறங்கும்போதுதான்! ஊட்டியில் மார்கழிக் காலை 5 டிகிரி என்றால், மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் இறங்குபவரின் தோலுக்கு அது மைனஸ் 1 போல உறைக்கும்.

● மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியே ஊட்டிக்கு ஏறத்தாழ 50 கி.மீ. ஏற்றம் சுமார் 1,900 மீட்டர். ஐந்து முறை ஏறினால் எவரெஸ்ட் உயரத்தையே தாண்டிவிடலாம். (கால் தாங்கினால்!)

● கீழே வியர்வையில் நனைந்த பனியன்தான் மேலே குளிரில் எதிரி.

● டூர் டி பிரான்ஸ் வீரர்களின் பழைய கைவைத்தியம்: உச்சியில் செய்தித்தாளை மடித்து நெஞ்சுக்கும் சட்டைக்கும் நடுவே செருகிக்கொள்வது. காற்று புகாது.

● எஸ்டேட் கப்பி ரோட்டில் டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் பிடிமானம் கூடும். விறைத்த விரலுக்குப் பிரேக் வசப்படாது, கையுறையை மறக்காதீர்கள்.