டேஷ்போர்டுக்கு அடியில் கை வைக்கும் முன்

ஸ்டீயரிங்குக்குக் கீழே, ஓட்டுபவரின் முழங்காலுக்கு எதிரே இருக்கும் பிளாஸ்டிக் மூடியை எடுத்தால், கட்டுக்கட்டாக வயர்கள் வந்து சேரும் ஒரு கறுப்புப் பெட்டி பல கார்களில் தென்படும். பாடி கன்ட்ரோல் மாட்யூல் என்று அதற்குப் பெயர். கதவுப் பூட்டு, வைப்பர், முகப்பு விளக்கு, ஹாரன் என்று வண்டியின் அன்றாட வேலைகள் பலவற்றுக்கும் அதுதான் கணக்குப்பிள்ளை. ஆகவே இவற்றில் எது மக்கர் செய்தாலும் முதல் பழி அதன் தலையில் விழுகிறது. “மாட்யூல் போயிடுச்சு, கழட்டிடலாம்” என்பது பட்டறைகளில் சாதாரணமாகக் காதில் விழும் தீர்ப்பு. அது பெரும்பாலும் அவசரத் தீர்ப்பு என்பதே என் வாதம். நீரில் மூழ்கிய வண்டியைத் தவிர மற்ற எதிலும், பெட்டியைக் கழற்றுவது சோதனையின் கடைசிப் படியாகவே இருக்க வேண்டும்.

பெட்டிக்குள் அசையும் பாகம் என்று பார்த்தால் அநேகமாக ரிலேக்கள் மட்டுமே. வெளியே நிலைமை வேறு. கனெக்டரின் ஊசிகள் அதிர்வில் தளர்கின்றன. எர்த் போல்ட்டில் துரு ஏறுகிறது. ஈரம் பட்ட செம்பில் களிம்பு பூக்கிறது. நிறுத்திவைத்த வண்டிக்குள் எலி புகுந்து வயரைக் கடிக்கிறது. “ஸ்கேனரே மாட்யூல் என்று காட்டுகிறதே” என்று கேட்கலாம். ஸ்கேனர் காட்டுவது என்ன என்பதைக் கவனமாகப் படிக்க வேண்டும். யு0140 என்ற பிழைக் குறியீட்டின் பொருள், பாடி மாட்யூலிடமிருந்து தகவல் வரவில்லை என்பது மட்டுமே. மற்ற மாட்யூல்கள் கொடுக்கும் புகார் அது. ஏன் வரவில்லை என்பதை அது சொல்வதில்லை. கரன்ட் வராமல் இருக்கலாம், எர்த் விட்டிருக்கலாம், தகவல் போகும் வயர் அறுந்திருக்கலாம், கடைசியாகப் பெட்டியே பழுதாகியும் இருக்கலாம்.

இந்த நான்கில் முதல் மூன்றையும் பெட்டியை அசைக்காமலே சோதிக்க முடியும். ஸ்கேனரைச் செருகும் 16 ஊசிக் கனெக்டரும் டேஷ்போர்டுக்கு அடியில்தான் இருக்கிறது. அதில் 16ஆம் ஊசியில் பேட்டரியின் வோல்டேஜ் வர வேண்டும்; 4, 5 இரண்டும் எர்த். 6, 14 ஆகியவை, பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய கேன் என்ற தகவல் பரிமாற்ற முறையின் இரு வயர்கள். அந்த இணைப்பின் இரு கோடியிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருக்கும். பேட்டரியைப் பிரித்துவிட்டு 6க்கும் 14க்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தால், இரண்டும் பக்க இணைப்பில் சேர்ந்து 60 ஓம் அளவில் காட்டும். 120 காட்டினால் ஒரு கோடி அறுபட்டிருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரு வயரும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நடுவே தகவலைப் பிரித்தனுப்பும் கேட்வே வைத்த புதிய வண்டிகளில் இந்தக் கணக்கு மாறும் என்பதால், அந்த மாடலின் வயரிங் வரைபடம் கையில் வேண்டும். எர்த்தைச் சோதிப்பது இன்னும் எளிது. விளக்கு, வைப்பர் எல்லாம் ஓடும்போது பெட்டியின் எர்த் வயருக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் இடையே 0.1 வோல்ட் அளவுக்கு மேல் காட்டினால், தேய்க்க வேண்டியது எர்த் போல்ட்டை.

“இவ்வளவுக்கும் நேரம் எங்கே இருக்கிறது? நல்ல பெட்டி ஒன்றை மாட்டிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்” என்பது மெக்கானிக்குகளின் நியாயமான மறுப்பு. பழைய வண்டிகளில் அது பலித்தது. இன்று பல மாடல்களில் சாவியின் சிப்பும் மாட்யூலும் ஒன்றையொன்று அடையாளம் கண்டால்தான் என்ஜின் கிளம்பும். வேறு வண்டியின் பெட்டியை மாட்டினால் ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். அது பெட்டியின் பழுதா, அடையாளச் சிக்கலா என்பது தெரியாமல் குழப்பம் இரட்டிப்பாகும். பழைய பெட்டியைச் சுட்டது வயரிங்கில் உள்ள ஷார்ட் என்றால், புதிதாக மாட்டியதும் அதே வழியில் போகும். மிச்சப்படுத்திய ஒரு மணி நேரத்துக்கு வண்டியின் சொந்தக்காரர் இரண்டு பெட்டியின் விலையைக் கொடுப்பார்.

விதிவிலக்கு வெள்ளம். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் சென்னையில் ஏராளமான கார்கள் நீரில் நின்றன. இப்படி நின்ற வண்டியில் முதலில் ஸ்கேனரைத் தேடுவதும், சாவியைத் திருகிப் பார்ப்பதும் தவறு. நனைந்த போர்டில் கரன்ட் ஓடினால் செம்புத் தடங்களை மின்பகுப்பு அரித்துத் தின்றுவிடும். பேட்டரியைப் பிரித்து, தாழ்வாக இருக்கும் பெட்டிகளைக் கழற்றிச் சுத்தம் செய்து உலர்த்துவதே அங்கே முதல் வேலை. வெள்ளம் வராத வீட்டிலும் இந்த ஆபத்து உண்டு. ஏசியின் வடிகுழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் காலடிக் கம்பளத்துக்குள் இறங்கி, மேலே காய்ந்தும் அடியில் ஊறியும் கிடக்கும்.

கழற்றியே ஆக வேண்டும் என்று உறுதியான பிறகு, பெட்டியைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டியது அதன் அண்டையில் இருக்கும் ஏர்பேக். இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களுக்கு ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். ஆகவே இப்போது ரிப்பேருக்கு வரும் வண்டிகளில் ஸ்டீயரிங்குக்குள் அது இருக்கிறது என்று எண்ணியே கை வைக்க வேண்டும். சாவியை எடுத்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கை உயிருக்கு ஆபத்தானது. மோதலில் பேட்டரி அறுந்தாலும் ஏர்பேக் விரிய வேண்டும் என்பதற்காக அதன் கன்ட்ரோல் பெட்டிக்குள் கெபாசிட்டர் மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கிறது. பேட்டரியைப் பிரித்த பின் டொயோட்டா 90 விநாடியும் ஹோண்டா 3 நிமிடமும் காத்திருக்கச் சொல்வது, அது வடியட்டும் என்றுதான். மற்ற நிறுவனங்களின் கணக்கு வேறு. அந்தந்தக் கையேட்டைப் பார்ப்பதே சரி. மஞ்சள் நிறக் கனெக்டர்கள் ஏர்பேக்குடையவை. அவற்றில் மல்டிமீட்டரின் ஓம் அளவீட்டை வைக்கவே கூடாது. மீட்டர் அனுப்பும் சிறு கரன்ட்டும் வெடிக்கத் தூண்டக்கூடும். ஆரஞ்சு நிற வயர் ஹைப்ரிட், மின்சார வண்டிகளின் உயர் வோல்டேஜ் வயர். பயிற்சி இல்லாதவர் தொட வேண்டாம். பேட்டரியில் முதலில் நெகட்டிவைக் கழற்றும் வழக்கத்துக்கும் காரணம் உண்டு. நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவைத் தளர்த்தும் ஸ்பேனர் பாடியில் பட்டால் அங்கேயே ஷார்ட் ஆகித் தீப்பொறி பறக்கும்.

ஏர்பேக்கை அடுத்துக் கவனிக்க வேண்டியது நிலை மின்சாரம். அது குளிர்நாட்டுக் கவலை, நம் ஊர்ப் புழுக்கத்தில் எங்கே வரும் என்று சிலர் கேட்கிறார்கள். ஈரக் காற்றில் அது குறையும் என்பது உண்மைதான். ஆனால் ஏசி ஓடிக் காய்ந்த காருக்குள், சீட் துணியில் உரசி இறங்கும் உடம்பில் அது ஏறவே செய்யும். விரலில் சுருக்கென்று உணர ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். சில சிப்புகள் கெட அதில் சிறு பங்கே போதும். உலோகப் பாடியைத் தொட்டுவிட்டு வேலை தொடங்குவதற்கு ஒரு காசும் செலவில்லை. பெட்டிகளைச் சாகடிக்கும் இன்னொன்று கைவேகம். கனெக்டரின் இரண்டாம் பூட்டை விடுவிக்காமல் வயரைப் பிடித்து இழுத்தால் ஊசி வளையும். இல்லாத பழுது அப்போதுதான் பிறக்கிறது.

இத்தனைக்கும் பிறகு வெளியே வந்த பெட்டி உண்மையிலேயே கெட்டிருந்தால், அதைக் குப்பையில் போடவும் அவசரம் வேண்டாம். பல வருட வெயிலிலும் குளிர்ச்சியிலும் விரிசல் கண்ட சால்டர், உப்பிய கெபாசிட்டர், கருகிய ரிலே ஆகியவை போர்டு வேலை தெரிந்தவர் சரிசெய்யக்கூடியவை. அதே போர்டு திரும்பினால் சாவி அடையாளமும் மாடலின் அமைப்பும் மாறாமல் திரும்புகின்றன. நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய பழுதுநீக்கும் உரிமைக்கான இணையதளம் வாகனத் துறையையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. ஆனால் உரிமையாளர் கையேடும் உத்தரவாத விவரமும் மட்டும் பழுதுபார்க்கப் போதாது. தெருமுனை ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்குத் தேவைப்படுவது வயரிங் வரைபடமும், எந்த ஊசியில் எவ்வளவு வோல்டேஜ் வர வேண்டும் என்ற அட்டவணையும். அவை அவர் கையில் இல்லாதவரை அவர் பெட்டியைத்தான் முதலில் கழற்றுவார்.