காய்ச்சலும் பாய்ச்சலும், கடைமடையும்

ஏற்காட்டில் பெய்யும் மழை மலையோடு நிற்பதில்லை. சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறும் சரபங்காவும் சேலம் மாவட்டத்துக்குள் இறங்கிக் காவிரிக்குப் போகின்றன. வாணியாறு தர்மபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் பாய்கிறது. மலை மேல் மலையாளிப் பழங்குடியினர் மழையை நம்பிச் சாமையும் கேழ்வரகும் விதைக்கிறார்கள். அடிவாரத்துக்கு வந்தால் நெல். தண்ணீர்ச் சண்டையும் அங்கேதான்.

இந்தச் சண்டையில் தலித் விவசாயி பெரும்பாலும் கடைமடையில் நிற்கிறார். தமிழகத்தின் பல ஏரிப்பாசன ஊர்களில் மதகைத் திறந்து மூடும் நீர்க்கட்டி தலித்தாகவே இருப்பார். ஊர் வயலுக்கெல்லாம் தண்ணீர் விடுவது அவர் கை. அவர் குடும்பத்துக்குத் துண்டு நிலம் இருந்தால் அது வாய்க்காலின் கடைசியில் கிடக்கும். பலருக்கு அதுவும் இல்லை. குத்தகை அல்லது வாரம்தான்.

சொட்டுநீர்ப் பாசனம் அமைக்க சிறு, குறு விவசாயிகளுக்கு அரசு 100 சதவீத மானியம் தருகிறது. நல்ல திட்டம்தான். ஆனால் சிட்டா, அடங்கல், சிறு குறு விவசாயி சான்று எல்லாம் கேட்பார்கள். வாய்ப்பேச்சில் குத்தகைக்கு உழுபவர் எந்தக் காகிதத்தைக் காட்டுவார்?

காகிதம் கேட்காத வழி ஒன்று உண்டு. பெயர் காய்ச்சலும் பாய்ச்சலும். ஓரடி நீளப் பிளாஸ்டிக் குழாய், அல்லது மூங்கில் துண்டு. அதன் கீழ்ப்பகுதியில் சுற்றிலும் துளையிட்டு, 20 செ.மீ. மண்ணுக்குள் இருக்கும்படி வயலில் பதித்து, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். குழாய்க்குள் நீர்மட்டம் தரையிலிருந்து 15 செ.மீ. கீழே போன பிறகு 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்சினால் போதும். நட்ட முதல் இரண்டு வாரமும் பூக்கும் சமயமும் மட்டும் காயவிடக் கூடாது. இப்படிச் செய்தால் 30 சதவீதம் வரை தண்ணீர் மிச்சமாகும், விளைச்சலும் குறையாது என்கிறது பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம்.

செம்மை நெல் சாகுபடியிலும் இந்த நீர் முறை ஒரு பகுதி. 2003-04-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தாமிரபரணிப் பாசனத்தில் 100 விவசாயிகளின் வயல்களில் அதைச் செய்து பார்த்தது. ஹெக்டேருக்குச் சராசரியாக ஒன்றரை டன் கூடுதலாக விளைந்தது. இளநாற்று, இடைவெளி நடவு, களைக்கருவி எல்லாம் சேர்ந்து தந்த பலன் அது. கோனோவீடர் வந்ததும் களையெடுப்பு ஆண்கள் வேலையாகி, காலனிப் பெண்களின் கூலி நாட்கள் குறைவதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. இதையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

ஒரு சிக்கல் இருக்கிறது. வயலைக் காயவிடும் துணிச்சல், கேட்டபோது தண்ணீர் கிடைப்பவருக்குத்தான் வரும். எப்போது முறை வருமென்று தெரியாத கடைமடைக்காரர், வந்த தண்ணீரை வரப்பு முட்டத் தேக்கி வைக்கத்தான் பார்ப்பார். அதனால் இந்த முறையை முதலில் கைக்கொள்ள வேண்டியவர் மேல்மடைக்காரர். அவர் வயலில் மிச்சமாகும் தண்ணீர் இன்னொரு போகத்துக்கோ கரும்புக்கோ போய்விடாமல், வாய்க்காலில் இறங்கிக் கடைசி மடைவரை வர வேண்டும்.

இதை வேளாண் அலுவலர் தனியாகச் செய்துவிட முடியாது. 2000-ஆம் ஆண்டின் பாசன அமைப்புகள் மேலாண்மைச் சட்டப்படி அமைந்த நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள்தான் முறை வைக்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் காலனி விவசாயிகள் இரண்டு கோரிக்கை வைக்கலாம். ஒன்று, மேல்மடை வயல்களில் குழாய் பதித்து, அதன் அளவைப் பார்த்தே மடை திறக்க வேண்டும். இரண்டு, அந்த அளவைப் பார்க்கும் வேலையை நீர்க்கட்டிக்கே கொடுத்து, அதற்கு மாதச் சம்பளம் தர வேண்டும்.