ஊக்கத்தொகையும் ஊதியமும்

ஒருவர் ஒரு செயலில் இறங்குவதற்கு முன்பே, அதைச் செய்தால் இன்ன பயன் கிடைக்கும் என்று அறிவித்து, அவருடைய முடிவை அந்தப் பக்கம் திருப்பும் ஏற்பாட்டைப் பொருளியலில் ஊக்குவிப்பு என்பர். அலுவலகப் பேச்சில் அதுவே 'இன்சென்டிவ்' எனப்படுகிறது. பணமாக வழங்கப்படும்போது அது ஊக்கத்தொகையாகும். செய்த வேலைக்கு உரிமையாகச் சேர வேண்டியது ஊதியம். முன்கூட்டிச் சொல்லாமல், முடிந்தபின் பாராட்டித் தருவது பரிசு. இம்மூன்றும் ஒரே ரூபாய்த் தாளாகக் கைக்கு வருவதால் ஒன்றின் பெயரால் மற்றொன்றை அழைப்பது எளிதாகிவிடுகிறது; அதனால் உழைப்பவருக்கு நேரும் இழப்பு சிறியதன்று.

நெல் கொள்முதலில் இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காணலாம். 2024-25 பருவத்தில் மத்திய அரசு சாதாரண ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,300 ரூபாயும் சன்ன ரகத்துக்கு 2,320 ரூபாயும் குறைந்தபட்ச ஆதரவு விலையாக நிர்ணயித்தது. அவற்றுடன் தமிழ்நாடு அரசு முறையே 105 ரூபாயும் 130 ரூபாயும் ஊக்கத்தொகையாகச் சேர்த்ததால், நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் விலை 2,405 ரூபாயாகவும் 2,450 ரூபாயாகவும் அமைந்தது. இரு ரகங்களுக்கும் பொதுவாகக் கூடிய 105 ரூபாய் விவசாயியின் வருவாயைத் தாங்கும் விலை ஆதரவேயன்றி, எந்த ரகத்தை விதைப்பது என்ற முடிவை மாற்றக்கூடியதன்று. ரகத் தேர்வைத் தூண்டுவது இரண்டுக்கும் இடையிலான வேறுபாடுதான். அது 20 ரூபாயிலிருந்து 45 ரூபாயாக உயர்ந்தது. ஏக்கருக்கு 24 குவிண்டால் விளையும் வயலில் இதனால் 1,080 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும். 40 கிலோ சன்ன ரக மூட்டை ஒன்றின் விலையோ 980 ரூபாய். ஆகவே சன்ன ரகம் ஏக்கருக்கு ஒரு மூட்டைக்கு மேல் குறைவாகக் காணுமானால், அந்த ஊக்கம் அவ்வளவில் கரைந்துபோகும். நாற்றங்காலுக்கு விதை எடுத்தபின் வரும் அறிவிப்போ, எவ்வளவு தாராளமானதாயினும், அந்தப் போகத்தின் ரகத் தேர்வைத் தொடாது.

பணமல்லாத ஊக்குவிப்புகளும் உண்டு. காமராசர் ஆட்சியில் 1956-இல் தொடங்கி, 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய பள்ளி உணவுத் திட்டம், குழந்தையின் பசியைத் தீர்த்ததோடு, பிள்ளையை வேலைக்கு அனுப்பாமல் பள்ளிக்கு அனுப்புவதற்கும் ஏழைப் பெற்றோருக்குக் காரணமாயிற்று.

ஊதியம் இருக்க வேண்டிய இடத்தில் ஊக்கத்தொகை அமர்ந்துவிடும் நிலைக்கு, 2005-இல் தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின்கீழ் உருவான 'ஆஷா' எனப்படும் கிராம சுகாதாரப் பெண் பணியாளர் முறை வருந்தத்தக்க சான்றாகும். இப்பெண்கள் விதிகளின்படி ஊழியர் அல்லர், தன்னார்வலர். ஆதலால் அவர்களுடைய வருமானத்தில் பெரும்பகுதி, கர்ப்பிணியை மருத்துவமனைப் பிரசவத்துக்கு அழைத்துச் சென்றால் இவ்வளவு, குழந்தைக்குத் தடுப்பூசிகள் முழுமையாகப் போடப்பட்டால் இவ்வளவு என்று பணிக்கணக்கில் வகுக்கப்பட்டது. கணக்கேட்டில் குறிக்கத்தக்க செயலுக்கு இம்முறை பொருந்தும். தடுப்பூசிக்கு அஞ்சும் குடும்பத்தின் வீட்டுக்கு நான்கு முறை நடந்தும் பயன் கிட்டாத நாளுக்கும், வலி கண்ட பெண்ணுடன் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் விழித்திருந்த இரவுக்கும் பட்டியலில் தனி வரி இல்லை. ஆனால் கிராமம் அவர்கள்மேல் வைத்திருக்கும் நம்பிக்கை அத்தகைய நாட்களிலும் இரவுகளிலும்தான் உருவாகிறது. பெருந்தொற்றுக் காலத்தில் வீடுவீடாகச் சென்றவர்களும் இவர்களே. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் இவர்களுக்கு உலகளாவிய சுகாதாரத் தலைவர்களுக்கான விருதை வழங்கிச் சிறப்பித்தபோதும், தன்னார்வலர் என்ற நிலை மாறவில்லை. 2025 பிப்ரவரியில் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின்முன் அமர்ந்த கேரள ஆஷா பணியாளர்கள், மாதம் 21,000 ரூபாயும் பணி ஓய்வுப் பயன்களும் கேட்டனர். அவர்கள் கோரியது, எந்த விளக்கத்தின்படி பார்த்தாலும், ஊதியமே.