கையளவு வானம் – 9: பேனாக் குழாயில் பிரம்மோஸ்

சென்ற வாரம் வரை பிளாஸ்டிக் விமான மாடல் பெட்டியில் வந்ததை வந்தபடியே ஒட்டினோம். இந்த வாரம் பெட்டியில் வராததைச் செய்யப் போகிறோம். மாடல் கட்டுகிறவர்கள் இதை ‘கன்வர்ஷன்’ என்பார்கள். நமக்கு மாற்றுவேலை என்றால் போதும்.

இந்த வேலை ஏன் வருகிறது? பெட்டி போடுகிற கம்பெனிகள் பிரிட்டனில், ஜப்பானில், செக் நாட்டில், ரஷ்யாவில் இருக்கின்றன. அவர்கள் ஊர் ஆள் எதை வாங்குவானோ அதைத்தான் அச்சில் வார்ப்பார்கள். ஸ்பிட்ஃபயர் எத்தனை வகை வேண்டும் சொல்லுங்கள், கிடைக்கும். ஆனால் பாபநாசத்தில் நடவு நடுகிறவர்கள் நிமிர்ந்து பார்க்கிற விமானம் வேறு. தஞ்சாவூர்–புதுக்கோட்டை சாலையில் இருக்கிற விமானப்படைத் தளம் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம்தான். 2020 ஜனவரி 20 அன்று அங்கே 222-வது அணி, ‘டைகர்ஷார்க்ஸ்’, சுகோய்-30 எம்கேஐ விமானங்களோடு குடியேறியது. தென்னிந்தியாவில் சுகோய் நிலையாகத் தங்கியது அதுதான் முதல் தடவை. தளத்திலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம் தள்ளி இருக்கிறது நம் ஊர். அந்த வேகத்துக்கு அது இரண்டு நிமிஷத் தூரம். சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கினால் விமானம் சத்தத்துக்கு முன்னால் வெகுதூரம் போயிருக்கும்.

அந்தச் சுகோயை, அதுவும் தஞ்சாவூர் அணியின் விசேஷமான பிரம்மோஸ் ஏவுகணையோடு, மேசையில் நிறுத்துவதுதான் இந்த வாரத் திட்டம். கையைக் கடிக்காமல்.

முதலில் பெட்டி வாங்கும் முன்பே போட வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. உங்களுக்கு வேண்டிய விமானத்துக்கும் பெட்டியில் இருப்பதற்கும் என்ன வித்தியாசம்? வித்தியாசம் தோலில் இருந்தால் மாற்றுவேலை மலிவு. எலும்பில் இருந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள். வெளிநாட்டில் இதற்கென்று ரெசினில் வார்த்த மாற்று உறுப்புகள் விற்கிறார்கள். பல சமயம் பெட்டியைவிட அதற்கு விலை அதிகம், தபால் செலவு தனி. அதை வாங்குவது என்று ஆகிவிட்டால் இந்தத் தொடரே தேவையில்லை.

எலும்பில் வித்தியாசம் என்றால் என்ன என்பதற்கு நாட் விமானம் நல்ல உதாரணம். 1965 போரில் பாகிஸ்தானின் சேபர் விமானங்களோடு மோதிப் பெயர் வாங்கிய குட்டி விமானம் அது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் மேலே நிர்மல்ஜித் சிங் செகோன் தனியாளாக நின்று சண்டையிட்டு, பரம்வீர் சக்ரா பெற்றதும் அதில்தான். அவருடைய 18-வது அணி 2020-இல் தேஜஸ் விமானங்களோடு மறுபடி கிளம்பியது நம் சூலூரில்தான். ஆகவே நாட் செய்ய யாருக்கும் ஆசை வரும். கடையில் தேடினால் ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் நாட் பெட்டியும் கிடைக்கும். ஆனால் அது பிரிட்டிஷ்காரர்களின் பயிற்சி விமானம், இருவர் உட்காருவது. பின்சீட்டை மூடிவிட்டால் நம்முடையதாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. பயிற்சி விமானத்தின் இறக்கை விரிவு 24 அடி, நம்முடைய ஒற்றையாள் நாட்டுக்கு 22 அடி சொச்சம். இறக்கையே வேறு, உடம்பின் நீளம் வேறு, வால் வேறு. மேசையில் இறக்கை மட்டுமே எட்டு மில்லிமீட்டர் வித்தியாசம். எட்டு மில்லிமீட்டர் ஒன்றுமில்லை என்று நினைப்பவர்கள் முழு விமானத்தையும் அறுத்துவிட்டு, மறுபடி அறுத்துக்கொண்டே இருப்பார்கள்.

நடுவில் ஒரு ரகம் உண்டு. 1963-இல் வந்து 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்ற மிக்-21. அதன் கடைசி வடிவம் பைசன். சாதாரண மிக்-21 பிஸ் பெட்டியை வாங்கிப் பைசன் ஆக்கலாம். உடம்பு அதேதான். முன் கண்ணாடி மட்டும் மூன்று துண்டாக இல்லாமல் சட்டமில்லாத ஒரே வளைவு. இறக்கை உடம்போடு சேருகிற இடத்தில், மேல்பக்கம், எதிரி ஏவுகணையை ஏமாற்றும் தீப்பொறிகளைக் கக்கும் பெட்டிகள். கண்ணாடியைத் தவிர மற்றதெல்லாம் தோல் வேலை. கண்ணாடிக்கு முருங்கைக் கட்டையைச் செதுக்கி அச்சு செய்துகொண்டு, பலகாரப் பெட்டியின் தெளிவான மூடியை மெழுகுவத்திக்கு மேலே காட்டி, அது துணிபோலத் தொய்யும்போது அச்சின்மேல் அமுக்க வேண்டும். நான்கு மூடி வீணாகும், ஐந்தாவது வரும். இனிப்பு வாங்க வீட்டில் நல்ல காரணம்.

சுகோய்க்கு வருவோம். ஸ்வெஸ்தா என்கிற ரஷ்யக் கம்பெனி 72-இல் ஒரு பங்கு அளவில் சுகோய்-30 எஸ்எம் பெட்டி போடுகிறது. எஸ்எம் என்பது ரஷ்ய விமானப்படைக்கானது. அவர்கள் அதை வாங்க ஒப்பந்தம் போட்டது 2012-இல். நம்முடைய எம்கேஐ அதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே, 2002 செப்டம்பரில், புணேயில் படையில் சேர்ந்தாயிற்று. நமக்காக வடிவமைத்ததைப் பார்த்துத்தான் ரஷ்யர்கள் தங்களுக்கென்று எஸ்எம்மை எடுத்தார்கள். மூக்குக்குப் பின்னால் குட்டி இறக்கைகள், திசை திருப்பும் எஞ்சின் வாய்கள், இரண்டு இருக்கைகள் எல்லாம் அப்படியே. நம்முடையதில் பிரெஞ்சு, இஸ்ரேல், இந்தியக் கருவிகள் இருந்த இடத்தில் அவர்கள் பெரும்பாலும் தங்கள் கருவிகளை வைத்துக்கொண்டார்கள். அதனால் வெளியே சின்னச் சின்ன ஏரியல்களும், விமானியின் கண்ணுக்கு நேரே இருக்கிற காட்சிக் கண்ணாடியும், நிறமும் முத்திரையும்தான் மாறுகின்றன. பிள்ளையின் பெட்டியிலிருந்து தகப்பனைச் செய்கிறோம். சுத்தமான தோல் வேலை.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. 72 என்பது ஏதோ ரகசிய எண் மாதிரித் தெரியும். ஆறடி ஆள் ஓர் அங்குலம் ஆகிவிடுகிறான், அவ்வளவுதான். 1930-களில் இங்கிலாந்தில் மரத்தில் செதுக்கி விற்ற ‘ஸ்கைபேர்ட்ஸ்’ மாடல்களிலிருந்து இந்த வழக்கம் வந்தது. 1942-இல் அமெரிக்கக் கடற்படை, எதிரி விமானத்தையும் நம் விமானத்தையும் பிரித்தறியப் படைவீரர்களுக்குச் சொல்லிக்கொடுக்க, பள்ளிப் பிள்ளைகளிடம் ஐந்து லட்சம் மர விமானங்கள் செய்து தரக் கேட்டது. அவையும் இதே அளவுதான். திருப்பாலைத்துறைக் கோயிலில் இருக்கிற நாயக்கர் காலத்து நெற்களஞ்சியத்தின் உயரம் 36 அடி. இந்த அளவில் அது ஆறு அங்குலம். அதன் பக்கத்தில் நம் சுகோயை வைத்தால் மூக்கிலிருந்து வால்வரை 30 செ.மீ., களஞ்சியத்தைப்போல் இரண்டு மடங்கு. வானத்தில் பார்க்கும்போது குருவியாகத் தெரிவது எவ்வளவு பெரிய வண்டி என்று அப்போதுதான் உறைக்கும்.

இனி பிரம்மோஸ். 2017 நவம்பர் 22 அன்று வங்காள விரிகுடாவின் மேலே சுகோயிலிருந்து முதல் தடவை ஏவிப் பார்த்தார்கள். எடை இரண்டரை டன். வயிற்றுக்கு நடுவே, இரண்டு எஞ்சின்களுக்கும் இடையில், ஒன்றே ஒன்றுதான் மாட்ட முடியும். அதைச் சுமக்க விமானத்தின் உடம்பையே பலப்படுத்த வேண்டியிருந்தது. எட்டு மீட்டருக்குச் சற்று அதிகமான நீளம் நம் அளவில் ஏறத்தாழ பதினொன்றரை செ.மீ. தடிமன் 9 மி.மீ. பக்கம்.

ஒன்பது மில்லிமீட்டர் தடிமனில், பதினொன்றரை செ.மீ. நீளத்தில், முனையில் கூம்போடு ஒரு சாமான் எல்லாப் பெட்டிக்கடையிலும் தொங்குகிறது. பால்பாயிண்ட் பேனா. ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய் அளந்து வாங்குங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. ரீஃபில்லை எடுத்துவிட்டு, முனையை மூடி, குழாயைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள் என்று சொல்லக்கூடாது. மூடினால் எதுவும் மிதக்கும். ஓரத்தில் ஒரு சில்லு வெட்டி அதைத் தண்ணீரில் அமுக்கிவிடுங்கள். அடியில் தங்கினால் நல்லது. மேலே வந்து மிதந்தால் அது பாலிபுரோப்பிலீன், சாதாரணப் பசை எதுவும் அதைப் பிடிக்காது, வேறு பேனா பாருங்கள். தயிர், ஐஸ்கிரீம் கப்புகளுக்கும் இதே சோதனைதான். கப்பின் அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று இருந்தால் அது பாலிஸ்டைரீன், விமானப் பெட்டியின் பிளாஸ்டிக்கும் அதே ஜாதி. 5 என்று இருந்தால் குப்பைக்கு. பழைய சி.டி. பெட்டிகளும் பாலிஸ்டைரீன்தான். பாட்டு போனாலும் பெட்டியை விடாதீர்கள்.

முனைத் துவாரத்தில் ஃபெவிக்விக் ஒரு சொட்டு, மேலே ஒரு சிட்டிகை ஆப்பசோடா. கண் மூடித் திறப்பதற்குள் கல்லாகிவிடும். லேசாகச் சூடும் புகையும் வரும், முகத்தை மேலே நீட்டாதீர்கள். பிறகு வாட்டர் பேப்பரில் தண்ணீர் தொட்டு 400, 1000 என்று இழைத்தால் கூம்பு கூராகிவிடும். வால் துடுப்புகளுக்கு சி.டி. பெட்டி ஆகாது. அதன் தகடு 1.2 மி.மீ. தடிமன், நிஜத்தில் எட்டரை செ.மீ. ஆகிவிடும், ஏவுகணையில் கதவுப் பலகை வைத்த மாதிரி இருக்கும். தயிர் கப்பின் பக்கச் சுவர் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அதில் வெட்டி, ஓரத்தை இழைத்துக் கத்தி மாதிரி ஆக்கி ஒட்டுங்கள். வெட்ட மெடிக்கல் ஷாப்பில் 11-ஆம் நம்பர் சர்ஜிக்கல் பிளேடு கேளுங்கள். இந்த வேலையில் காசை மிச்சம் பிடிக்கக்கூடாத ஒரே சாமான் அதுதான். மழுங்கிய பிளேடு பிளாஸ்டிக்கை விட்டு விரலுக்குத்தான் வரும்.

ஏரியல்களுக்குப் பெட்டியில் உறுப்புகளைப் பிடித்திருக்கும் குச்சி, ஸ்ப்ரூ, போதும். மெழுகுவத்திக்கு மேலே உருட்டிக்கொண்டே இருந்து, பளபளக்கும்போது வெளியே எடுத்து, ஒரு மூச்சு விட்டு, பிறகு இழுக்க வேண்டும். தீயில் வைத்தபடி இழுத்தால் அறும். மெதுவாக இழுத்தால் குச்சி, வேகமாக இழுத்தால் தலைமுடி. மிச்சமான ஸ்ப்ரூத் துண்டுகளை நறுக்கி, பெயர்ப்பலகைக் கடைகளில் அக்ரிலிக் ஒட்டுகிற திரவத்தில் போட்டு ஒருநாள் வைத்தால் கூழாகிவிடும். இடுக்குகளை அடைக்க அதைவிட நல்ல பட்டி இல்லை. அந்தத் திரவத்தின் ஆவி பொல்லாதது. திண்ணையில் உட்கார்ந்து செய்யுங்கள், அறைக்குள் வேண்டாம்.

பெயிண்ட் விஷயத்தில் டெல்டாக்காரனுக்குப் பஞ்சாங்கம் வேண்டும். டிங்கரிங் பட்டறையில் கார் பம்பருக்கு அடிக்கிற சாம்பல் என்.சி. பெயிண்டே சுகோய்க்குப் போதும், கால் லிட்டரில் ஒரு படையே அடிக்கலாம். ஆனால் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அடித்தால் காய்கிற பெயிண்டின் மேல் வெள்ளை பூத்துவிடும். தின்னர் வேகமாக ஆவியாகிப் பரப்பைக் குளிரவைக்க, காற்றில் இருக்கிற ஈரம் அதில் வந்து படிகிறது. தை, மாசியில் ஈரம் குறையும், ஆனால் சம்பா அறுவடை மெஷின்கள் கிளப்புகிற தூசி இருக்கும். பங்குனிக் காலை நேரம்தான் உத்தமம். இன்னொன்று, அந்தத் தின்னர் பிளாஸ்டிக்கைக் கடிக்கும். முதல் பூச்சு பனி மாதிரி, தூரத்திலிருந்து. நனைய அடித்தால் சுகோய் பங்குனி வெயிலில் வைத்த வெண்ணெய்தான். எஞ்சின் வாய்களுக்குக் கருப்படித்து, பென்சில் முனையைச் சீவிய பொடியை விரலால் தேயுங்கள். தீய்ந்த உலோகம் அப்படியே வரும், இதற்கென்று வெளிநாட்டில் விற்கிற உலோகப் பெயிண்டில்கூட எனக்கு இவ்வளவு திருப்தி இல்லை.

கடைசியாக முத்திரை. வீட்டு பிரிண்டரால் வெள்ளை நிறம் அச்சடிக்க முடியாது, நம் விமானப்படை வட்டத்திலோ நடுவே வெள்ளை வேண்டும். வெளியே காவி, உள்ளே வெள்ளை, மையத்தில் பச்சை. இதற்கு வண்டிக்கு நம்பர் பிளேட் ஒட்டுகிற ஸ்டிக்கர் கடை இருக்கிறது. கட்டிங் மெஷினில் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் வெட்டித் தரச் சொன்னேன்.

“எந்த வண்டிக்குண்ணே இத்தனை பொடிசா?” என்றான் பையன்.

“சுகோய்க்குத் தம்பி.”

“அது ராயல் என்ஃபீல்டா?”

பெரியவர் கல்லாவிலிருந்து, “மேல போகுதுல்ல, அதுடா” என்றார். காசு வாங்கவில்லை, வெட்டியதில் மிஞ்சிய ஸ்டிக்கர் துண்டுதான் என்று சொல்லிவிட்டார். அந்த வட்டங்களை ஒட்டுவதற்கு அல்ல, மறைப்பதற்குப் பயன்படுத்த வேண்டும். முதலில் வெள்ளை வட்டம் அடித்து, காய்ந்ததும் நடு வளையத்தை ஸ்டிக்கரால் மூடி, வெளியே காவி, உள்ளே பச்சை. வால் பக்கத்து எண் ‘எஸ்பி’ என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். அந்த அளவுக்கு மெஷின் இறங்காது, 0.1 பேனாதான் கதி.

பிரம்மோஸை வயிற்றில் நேராக ஒட்டிவிடாதீர்கள். ஏவுகணைக்கும் விமானத்துக்கும் நடுவில் கனமான தாங்கி ஒன்று உண்டு. அதன் வேலை ஏவுகணையைக் கீழே தள்ளிவிடுவது. விழுந்து, விமானத்தை விட்டு விலகிய பிறகுதான் அது தன் எஞ்சினைப் பற்றவைத்துக்கொள்கிறது. சி.டி. பெட்டித் தகட்டை இரண்டு அடுக்காக ஒட்டி இழைத்தால் தாங்கிக்குச் சரியான தடிமன். முன்சக்கரத்தைப் பொருத்திவிட்டு, ஏவுகணை தரையை உரசுகிறதா என்று பார்த்த பிறகே பசை வையுங்கள்.

அடுத்த வாரம் மாற்றுவேலையே தேவைப்படாத ஒரு விமானம். இரண்டாம் உலகப் போரில் போர் நிதி கொடுத்ததற்காக நம் மாகாணத்தின் பெயரைச் சூட்டிக்கொண்ட பிரிட்டிஷ் அணிகளில் ஒன்று 264-வது, ‘மெட்ராஸ் பிரசிடென்ஸி’ அணி. அவர்கள் ஓட்டிய டெஃபியன்ட், முன்னால் சுடத் துப்பாக்கியே இல்லாத சண்டை விமானம்.

(தொடரும்)