மார்கழி பனியில் மைலேஜ் குறைவது ஏன்? பைக் ஓட்டுபவர்கள் கவனிக்க!

பூம்புகார்:-

மார்கழி பிறந்து விட்டால் பூம்புகார், தர்மகுளம், வானகிரி பக்கம் டீக்கடைகளில் ஒரு புலம்பல் தவறாமல் கேட்கும். 60 கொடுத்த வண்டி இப்ப 50 கூட தர மாட்டேங்குதே என்பதுதான் அது. தினமும் 30 கிலோ மீட்டர் ஓடும் ஒருவருக்கு இது விளையாட்டு விஷயம் அல்ல. அரை லிட்டரில் முடிந்த வேலைக்கு கூடுதலாக 100 மில்லி ஆகிறது. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் நாளைக்கு 10 ரூபாய். மாதம் 26 நாள் வேலைக்குப் போனால் 260 ரூபாய் கையை விட்டுப் போகிறது.

பனிக்கும் பெட்ரோலுக்கும் நிஜமாகவே தொடர்பு உண்டா? உண்டு. ஆனால் நம்ம பக்கத்து பனி தின்பது கொஞ்சம்தான்.

அமெரிக்காவில் என்ன நடக்கிறது?

அமெரிக்க எரிசக்தி துறை கணக்குப்படி, 25 டிகிரி வெயிலில் ஓடும் பெட்ரோல் கார், மைனஸ் 7 டிகிரி குளிரில் டவுனுக்குள் ஓடும்போது சுமார் 15 சதவீதம் மைலேஜ் குறைகிறது. 5, 6 கிலோ மீட்டர் மட்டும் போய் நிறுத்தும் குட்டிப் பயணம் என்றால் 24 சதவீதம் வரை கூட அடி விழும். நம்ம நாட்டிலேயே லடாக்கில் குளிர்காலத்தில் சாதாரண டீசல் மெழுகு போல உறைந்து போகும். அதற்காகவே மைனஸ் 33 டிகிரி வரை உறையாத தனி டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019-ம் ஆண்டு நவம்பரில் அங்கே கொண்டு வந்தது.

பூம்புகாரில் அந்தக் கதை இல்லை. மார்கழி விடியற்காலையில் கூட 20, 21 டிகிரிக்கு கீழே இறங்குவது அபூர்வம். அப்படியானால் 10 கிலோ மீட்டர் மைலேஜ் எங்கே போகிறது?

முதல் 3 கிலோ மீட்டர்தான் வில்லன்

இரவு முழுக்க வாசலில் பனியில் நின்ற வண்டியில் என்ஜின் ஆயில் கெட்டியாக இருக்கும். உள்ளே உரசல் அதிகம். ஆறிய என்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது என்பதால் கூடுதலாக ஊற்றித்தான் எரிக்க வேண்டும். சூடு ஏறும் வரை இதே கதைதான். சீர்காழி வரை 20 கிலோ மீட்டர் ஓடுபவருக்கு இது பெரிதாக தெரியாது. பால் வாங்க ஒரு தடவை, பிள்ளையை பள்ளிக்கூடத்தில் விட ஒரு தடவை, கடைக்கு ஒரு தடவை என்று 2, 2 கிலோ மீட்டராக ஓட்டி ஆற விடுபவருக்குத்தான் நஷ்டம். என்ஜின் சூடாவதற்குள் வேலையே முடிந்து விடுகிறது. வெயில் காலத்திலும் இந்த நஷ்டம் உண்டு, பனிக்காலத்தில் கொஞ்சம் கூடும்.

அடுத்தது சோக். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் காலையில் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்து விட்டு, அப்படியே மறந்து போய் மீன் பெட்டியை கட்டிக்கொண்டு கிளம்பி விடுகிறார்கள். கறுப்பு புகை, கரி பிடித்த பிளக் இரண்டும் இதற்கு அடையாளம். மெக்கானிக்கிடம் போனால் பிளக் செலவு தனி. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.-6 வண்டிகளில் பெரும்பாலும் கையால் இழுக்கும் சோக் கிடையாது. சென்சார் பார்த்து எவ்வளவு பெட்ரோல் என்பதை வண்டியே முடிவு செய்து கொள்ளும்.

சூடு பண்ணுகிறேன் என்று 5 நிமிடம் ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டு நிற்பவர்களும் உண்டு. நின்ற இடத்தில் எரியும் பெட்ரோலுக்கு மைலேஜ் பூஜ்யம். அரை நிமிடம் ஓட விட்டு, முதல் ஒன்றிரண்டு கிலோ மீட்டர் மெதுவாக போனாலே போதும்.

டயர் காற்றையும் பார்க்கணும். மே மாத மதியத்துக்கும் மார்கழி விடியலுக்கும் 15, 16 டிகிரி வித்தியாசம் இருக்கும். அதனாலேயே 28 இருந்த காற்று 26-க்கு வந்து விடும். இதனால் குறையும் மைலேஜ் சொற்பம்தான். ஆனால் 2 மாதம் காற்றே பிடிக்காத டயரில் கசிவும் சேர்ந்து கொள்ளும். வண்டி ஓடுவதற்கு முன்பு, டயர் சூடாகாதபோது காற்று பார்ப்பதுதான் சரியான அளவு.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பெயர்ந்த ரோடு, சேறு புகுந்து லேசாக பிடித்துக்கொண்டே இருக்கும் பிரேக், காய்ந்து போன செயின் இவை எல்லாம் செய்யும் வேலைக்கும் பனிதான் பழி சுமக்கிறது. வீல் சுலபமாக சுற்றுகிறதா என்று வண்டியை சென்டர் ஸ்டாண்டு போட்டு கையால் சுற்றிப் பார்த்தால் தெரிந்து விடும்.

விடியற்காலை பெட்ரோல் லாபமா?

குளிரில் பெட்ரோல் சுருங்கி இருக்கும், காலையில் போட்டால் அதிகம் கிடைக்கும் என்று பலர் 5 மணிக்கே பங்குக்கு ஓடுகிறார்கள். சூட்டில் பெட்ரோல் விரிவது உண்மை. ஆனால் பங்கில் டேங்க் பூமிக்கு அடியில் இருக்கிறது. அங்கே காலை, மதியம் என்று சூடு பெரிதாக மாறாது. தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

படகுக்கு பனி அல்ல, வாடை!

மீனவர்கள் கணக்கு வேறு. படகு என்ஜின் மணிக்கணக்கில் ஓடுவதால் குளிர் அதற்கு பொருட்டே இல்லை. இந்த மாதங்களில் டீசலை குடிப்பது வாடைக்காற்றும் அலையும்தான். எதிர்காற்றில் வழக்கமான வேகத்தை பிடிக்க வேண்டும் என்று த்ராட்டிலை தள்ளினால் செலவு எகிறும். தண்ணீரில் வேகத்தை 10 சதவீதம் குறைத்தால், அதே தூரத்துக்கு ஆகும் டீசல் ஏறக்குறைய 5-ல் ஒரு பங்கு குறையும் என்பது பொதுவான கணக்கு. வரி விலக்கு டீசல் அளவோடுதான் கிடைக்கிறது, அதற்கு மேல் ஊற்றுவது முழு விலைக்கு.

பைக்கில் உண்மையான மைலேஜ் தெரிய வேண்டுமா? டேங்கை முழுசாக நிரப்பி, மீட்டரை குறித்து வைத்து 200 கிலோ மீட்டர் ஓட்டி, மறுபடியும் முழுசாக நிரப்ப வேண்டும். இரண்டாவது தடவை பிடித்த லிட்டரால் ஓடிய தூரத்தை வகுத்தால் வரும் எண்தான் மைலேஜ். மார்கழியில் ஒரு தடவை, மாசியில் ஒரு தடவை பார்த்தால் பனி எடுத்தது எவ்வளவு என்பது தெரிந்து விடும்.