மின்னிணைப்பிற் சோர்வுறும் மடிக்கணினி

எண்ணெய் வற்றிய விளக்கு மங்குவது இயல்பு. எண்ணெய் நிறைந்திருந்தும் விளக்கு மங்குமாயின், குறை எண்ணெயில் இல்லை, திரியிலோ காற்றிலோ உளது என்பதை வீட்டிலுள்ளோர் எளிதில் உணர்ந்துகொள்வர். இன்று மாணவரின் மேசையிலே விளக்கிற்கு அருகே இடம்பிடித்திருக்கும் மடிக்கணினியிலும் இத்தகைய புதிரொன்று தோன்றுவதுண்டு. பற்றரி எனப் பொதுவாக வழங்கும் மின்கலவடுக்கின் வலுவில் மட்டும் இயங்கும்போது சுறுசுறுப்பாக வேலைசெய்யும் கணினி, சுவரிலுள்ள மின்சாரத்தோடு இணைத்ததும் தளர்ந்துவிடுகின்றது. அழுத்திய எழுத்து திரையில் தோன்றச் சிறிது நேரம் செல்கின்றது. பாடத்துக்கான ஒளிப்படம் தடைப்பட்டுத் தடைப்பட்டு ஓடுகின்றது. வலு குறைந்திருந்தபோது ஓடிய பொறி, வலு மிகுந்தபோது நொண்டுவதேன்?

இப்புதிரைக் கண்ட பெற்றோர் பெரும்பாலும் இரண்டில் ஒரு முடிவுக்கு வருவர். கணினி பழுதாகிவிட்டது, புதியதொன்று வாங்கவேண்டும் என்பது ஒன்று. கடைத்தெருவில் மலிவாகக் கிடைக்கும் ஏதேனும் ஒரு மின்னேற்றியை வாங்கி மாட்டிவிடலாம் என்பது மற்றொன்று. 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி, அவ்வாண்டு மே மாதமளவில் 360 ரூபா வரை உயர்ந்தது. இறக்குமதிப் பொருளாகிய மடிக்கணினி ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு எத்துணைப் பெருஞ்செலவு என்பதை அதன் பின்னர் எவருக்கும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆகவே முதலாவது முடிவு பணத்தை வீணாக்கக்கூடும். இரண்டாவது முடிவோ சிலவேளை வீட்டுக்கே ஆபத்தை விளைக்கக்கூடும். காரணத்தை முறையாக ஆராயின், பல சந்தர்ப்பங்களில் ஒரு சதமும் செலவின்றியே குறை நீங்கிவிடும்.

முதலில் அறியவேண்டியது யாதெனின், கணினியின் மூளை எனத்தக்க மையச் செயலி எப்பொழுதும் ஒரே வேகத்தில் இயங்குவதன்று என்பதாகும். அதன் வேகம் கிகாஹேட்ஸ் என்னும் அலகில் அளக்கப்படும். ஒரு கிகாஹேட்ஸ் என்பது செக்கனுக்கு 100 கோடித் துடிப்புகளாகும். வேலை மிகும்போது செயலி தன் வேகத்தைப் பன்மடங்கு உயர்த்திக்கொள்கின்றது. வேலை ஓயும்போது தாழ்த்திக்கொள்கின்றது. நீடித்து 15 வாற்று வலுவில் இயங்குமாறு அமைந்த செயலியொன்று, மின்னிணைப்பு உள்ளபோது ஏறக்குறைய அரை நிமிடம் அதனின் இருமடங்குக்கும் மேலான வலுவைக்கூட எடுத்துக்கொள்ளும். ஆயினும் அவ்வாறு உயர்வதற்கு முன் அது மூன்று விடயங்களைக் கவனிக்கின்றது. உடலின் வெப்பம் எல்லைக்குள் உளதா, வருகின்ற மின்வலு போதுமானதா, உரிமையாளர் இட்ட கட்டளை யாது என்பனவே அவை. இவற்றுள் ஒன்று பொருந்தாவிடினும் அது தன் வேகத்தைத் தானே குறைத்துவிடும். எனவே மின்னிணைப்பில் நேரும் தளர்ச்சி பெரும்பாலும் நோயன்று. பொறி தன்னைக் காத்துக்கொள்ளும் முயற்சியாகும்.

காரணத்தைத் தேடப் புகுமுன் ஓர் எளிய ஒப்பீடு அவசியம். ஒரே வேலையை, உதாரணமாக ஒரே ஒளிப்படத்தை, முதலில் பற்றரியிலும் பின்னர் மின்னிணைப்பிலும் ஓடவிட்டுப் பார்த்தல் வேண்டும். இரண்டிலும் ஒரே தளர்ச்சி காணப்படுமாயின், மின்சாரத்தின்மீது பழி சுமத்துதல் தகாது. சேமிப்பிடம் நிரம்பியிருத்தல், நினைவகம் போதாமை முதலிய வேறு காரணங்களையே நாடவேண்டும். மின்னிணைப்பில் மாத்திரம் தளர்ச்சி தோன்றுமாயின் மேலே செல்லலாம். விண்டோஸ் இயங்கும் கணினியில் கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் டாஸ்க் மனேஜர் என்னும் பலகை திறக்கும். அதிலே செயலியின் வேகம் கிகாஹேட்ஸ் அளவிலும், அதன் வேலைப்பளு நூற்றுவீதத்திலும் காட்டப்படும். வைத்தியருக்கு வெப்பமானி எவ்வாறோ, ஆராய்வோருக்கு இவ்விரு எண்களும் அவ்வாறே.

அடுத்து, தளர்ச்சி எப்பொழுது தொடங்குகின்றது என்பதைக் கடிகாரத்தை வைத்துக் கவனித்தல் வேண்டும். செருகியைக் குதையில் இட்ட அக்கணமே தொடங்குகின்றதா? சில நிமிடங்களில் தொடங்கி, பின் தானாகவே நீங்குகின்றதா? அன்றிக் கால்மணி நேரம் நன்கு ஓடியபின் படிப்படியாக வருகின்றதா? இம்மூன்றும் மூன்று வெவ்வேறு காரணங்களைச் சுட்டுவன.

இணைத்த கணமே தளர்ச்சி தொடங்குமாயின், முதலில் சோதிக்கத்தக்கது செலவில்லாத பகுதியாகிய கட்டளை அமைப்பாகும். கணினியிலே பற்றரியில் இயங்கும் வேளைக்கு ஒன்றும், மின்னிணைப்பில் இயங்கும் வேளைக்கு ஒன்றுமாக இருவேறு வலு அமைப்புகள் உள. மின்னிணைப்புக்குரிய அமைப்பு, அறியாமலே சிக்கன நிலையில் விடப்பட்டிருக்கலாம். முன்பு எவரேனும் சூட்டைக் குறைக்கக் கருதி, செயலியின் உச்ச அளவை நூற்றுக்கு ஐம்பது என மாற்றி வைத்திருக்கவும் கூடும். அதனை மீண்டும் நூறாக்கினால் குறை அப்பொழுதே தீரும்.

அமைப்பில் பிழை இல்லையெனின், ஐயத்துக்குரியது மின்னேற்றியாகும். டாஸ்க் மனேஜரிலே வேலைப்பளு எவ்வளவாயினும், வேகம் மாத்திரம் ஒரு கிகாஹேட்ஸுக்கும் குறைந்த அளவில் அசையாது நிற்குமாயின், இந்த ஐயம் வலுப்பெறும். மின்னேற்றியின் முதுகிலுள்ள சிறு எழுத்துகளைப் படித்தால் உண்மை புலப்படும். வெளியீடு என்பதன் எதிரே தரப்பட்டுள்ள வோல்ற்று அளவை அம்பியர் அளவால் பெருக்கினால் வாற்று அளவு கிடைக்கும். 19.5 வோல்ற்றும் 3.34 அம்பியரும் எனில் ஏறக்குறைய 65 வாற்று, 19.5 வோல்ற்றும் 2.31 அம்பியரும் எனில் 45 வாற்று மாத்திரமே. 65 வாற்று வேண்டிய கணினிக்கு 45 வாற்று மின்னேற்றியைப் பொருத்தினால், அது பசியோடு வயலுக்குச் சென்ற எருது போலாகும். கைத்தொலைபேசிக்குரிய மின்னேற்றிகள் சிலவற்றின் முனை மடிக்கணினியிலும் பொருந்துவதால், அதனைப் பயன்படுத்துவோரும் உளர். 5 வோல்ற்றும் 3 அம்பியரும் தரும் அத்தகைய மின்னேற்றியின் வலு 15 வாற்றே. முனை பொருந்துவதனால் வலுவும் பொருந்தும் என எண்ணுதல் தவறு. இடையிலுள்ள வடத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 3 அம்பியருக்கென அமைந்த வடம், 20 வோல்ற்றில் 60 வாற்றுக்கு மேற் கொண்டுவராது.

வேறொரு நுட்பமும் இங்கு உண்டு. சில கணினிகள் தம்மோடு இணைக்கப்படும் மின்னேற்றி எத்தனை வாற்றுக்குரியது என்பதை மெல்லிய ஊசி போன்ற நடுமுனை வழியாகக் கேட்டறிகின்றன. அந்த ஊசி வளைந்தாலோ, உள்ளேயுள்ள மெல்லிய கம்பி அறுந்தாலோ, மின்சாரம் வந்தபோதிலும் விடை வருவதில்லை. விடை வராத மின்னேற்றியைக் கணினி நம்புவதில்லை. பற்றரியை ஏற்றாது, வேகத்தையும் தாழ்த்திவிடும். போதிய வலுவுள்ள, நல்ல நிலையிலுள்ள, அதே வகை மின்னேற்றியை அயலவரிடம் இரவல் பெற்றுச் சிறிது நேரம் பொருத்திப் பார்த்தால், புதியது வாங்குமுன்னரே ஐயம் தெளியும்.

மின்னேற்றியும் நன்றெனின், பற்றரியைக் கவனிக்கவேண்டும். செயலி திடீரென உயர்ந்து பாயும் கணங்களில், பல கணினிகள் மின்னேற்றியோடு பற்றரியின் உதவியையும் பெறுகின்றன. பற்றரி முதுமையுற்றாலும், கழற்றி வைக்கப்பட்டாலும் அந்த உதவி கிடைப்பதில்லை. அதனாற் சில கணினிகள் முன்னெச்சரிக்கையாக எந்நேரமும் மெதுவாகவே இயங்கும். பற்றரியைக் கழற்றிவிட்டு நேர் மின்சாரத்தில் ஓட்டினால் ஆயுள் கூடும் எனக் கருதுவோர் இதனை நினைவிற் கொள்ளவேண்டும். அவ்வாறு நினைப்போருக்கு ஏற்ற வழி, பல கணினிகளில் உள்ள ஏற்றவரம்பு அமைப்பை நூற்றுக்கு எண்பதில் நிறுத்துவதே.

சில நிமிடங்களில் தொடங்கித் தானே நீங்கும் தளர்ச்சி வேறு வகையினது. பற்றரியின் வலுவை வீணாக்காதிருக்கும் பொருட்டு, கணினி பல பணிகளைப் பிற்போட்டு வைக்கின்றது. புதிய திருத்தங்களை இறக்குதல், கோப்புகளுக்கு அட்டவணை இடுதல், நச்சு மென்பொருளைத் தேடுதல் ஆகியன அவற்றுட் சில. மின்சாரம் கிடைத்ததும் இவையனைத்தும் ஒருங்கே தொடங்கும். அப்பொழுது டாஸ்க் மனேஜரிலே வேகம் உயர்ந்திருக்கும், வேலைப்பளுவும் உயர்ந்திருக்கும். 2022 மார்ச்சு இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீண்ட காலத்தை எண்ணிப் பார்த்தால் இது நன்கு விளங்கும். மின்சாரம் மீண்டதும் மாணவர் விரைந்து பாடத்தைத் திறக்கும் அதே வேளையில், வெறுமையான பற்றரி ஒருபுறம் வலுவை இழுக்கும். தேங்கிய பணிகள் மறுபுறம் இழுக்கும். இதற்குப் பழுதுபார்ப்போர் தேவையில்லை. அரைமணி நேரமோ ஒருமணி நேரமோ கணினியைத் திறந்தபடி விட்டுவிட்டால், நிலுவை தீர்ந்து வேகம் திரும்பும்.

கால்மணி நேரம் நன்றாக ஓடியபின், விசிறியின் இரைச்சலோடு படிப்படியாக வரும் தளர்ச்சிக்குக் காரணம் வெப்பம். பற்றரியில் இயங்கும்போது செயலி சிக்கனமாக இருப்பதால் சூடும் குறைவு. மின்னிணைப்பில் செயலி மிகுதியான வலுவை எடுக்கின்றது; பற்றரி ஏறுவதாலும் சூடு உண்டாகின்றது. செயலியின் வெப்பநிலை 95 அல்லது 100 பாகை செல்சியசை அண்மியதும், அது தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நண்பகலில் அறையே 30 பாகைக்கு மேற் கொதிக்கும் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இவ்வெல்லையை அடைதல் கடினமன்று. மெத்தையின்மீதும் தலையணையின்மீதும் வைத்து இயக்கினால் காற்றுத் துவாரங்கள் அடைபடும். கணினியைப் பலகைமீது வைத்து, பின்புறத்தைச் சிறிது உயர்த்தி, துவாரங்களிற் படிந்த தூசியை நீக்கினாலே பெரும் வேறுபாடு தெரியும். காற்றை ஊதித் துப்புரவு செய்வதாயின், கணினியை அணைத்துவிட்டு, விசிறி சுழலாதவாறு தடுத்துக்கொள்ளுதல் நன்று. பல ஆண்டுகள் பழகிய கணினியில், செயலிக்கும் வெப்பங்கடத்தும் தகட்டுக்கும் இடையே பூசிய பசை காய்ந்திருக்கலாம். அதனைப் புதுப்பித்தல் கைதேர்ந்தவரின் வேலை.

இவை தவிர, தளர்ந்த குதையும் தொல்லை தரும். செருகி ஆடும்போது இணைப்பு அறுந்து அறுந்து பொருந்துவதால், திரையின் ஒளி மாறி மாறித் தோன்றும். கணினியும் ஒவ்வொரு முறையும் நிலை மாறித் தடுமாறும். உடற்பகுதியைத் தொடும்போது மெல்லிய கூச்சம் தோன்றி, திரையிலுள்ள சுட்டி தானே துள்ளுமாயின், அது வேகக் குறைவன்று. நிலத்தொடுப்பு இல்லாமையின் அறிகுறியாகும். மூன்று முனைச் செருகியை முறையான குதையிலேயே இடவேண்டும். நிலத்தொடுப்புத் துவாரத்திற் குச்சியைச் செருகித் திறந்து, இரு முனைச் செருகியை நுழைக்கும் வழக்கம் கைவிடத்தக்கது.

சோதனைகளுக்கிடையே செய்துபார்க்கத்தக்க எளிய பரிகாரம் ஒன்றுண்டு. வேலைகளைச் சேமித்து, கணினியை முற்றாக அணைத்து, செருகியைக் கழற்றி, இயக்கும் ஆளியை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து விட்டபின் மீண்டும் இயக்குதல் வேண்டும். வலுவை மேற்பார்வை செய்யும் உட்சுற்று தவறான நிலையிற் சிக்கியிருப்பின், பெரும்பாலும் இதனால் விடுபடும்.

செய்யத்தகாதவை இரண்டு. வேகத்தைக் குறைக்கும் காவலையே நீக்கிவிடும் மென்பொருள்கள் கிடைக்கின்றன. காரணத்தை அறியாது அவற்றைப் பயன்படுத்தினால், போதாத மின்னேற்றி மேலும் சூடேறிக் கெடும், கணினியும் கெடக்கூடும். தொடுபலகை மேலெழுந்தோ, மூடி சரிவர மூடாமலோ இருப்பின் பற்றரி வீங்கியுள்ளது என்பது பொருள். அத்தகைய கணினியை மேலும் ஏற்றாமலும், வீங்கிய பகுதியைக் குத்தாமலும் அழுத்தாமலும், உடனே தக்கவரிடம் ஒப்படைத்தல் வேண்டும். அங்கே வேகம் ஒரு பொருட்டன்று, தீயே கவலைக்குரியது.

பழுதுபார்க்கும் கடைக்குச் செல்ல நேர்ந்தாலும், ஆராய்ந்து சென்றவருக்கும் ஆராயாது சென்றவருக்கும் வேறுபாடு உண்டு. “கணினி மெதுவாக ஓடுகின்றது” என்று மட்டும் சொல்வோர், எதை மாற்றச் சொன்னாலும் ஏற்கவேண்டியவராவர். “இணைத்த கணமே வேகம் ஒன்றுக்குக் கீழே இறங்குகின்றது, இரவல் மின்னேற்றியில் இக்குறை இல்லை” என்று சொல்லும் மாணவருக்குத் தேவையானது ஒரு மின்னேற்றி மாத்திரமே. ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, விளைவைத் தாளிற் குறித்துக்கொண்டு, செலவில்லாததிலிருந்து செலவுள்ளதற்குச் செல்லும் இவ்வொழுங்கைப் பிள்ளைகள் விஞ்ஞான பாடத்திலே ஏற்கெனவே கற்றிருக்கின்றனர். வீட்டிலுள்ள கணினியின் குறையை அவர்களிடமே ஒப்படைத்து, அருகிலிருந்து துணைசெய்தல் பெற்றோருக்கு நன்று.